காவலனுக்கும் காவல் வேண்டும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிறைச்சாலை உத்தியோகத்தரின் தன்னம்பிக்கையும் மனச்சுமையும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இந்து வாலிபர் சங்கத்து மேடைக்கும் சிறைக் காவலருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கக்கூடும். ஆலயத் தொண்டையும் திருமுறை ஓதலையும் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் பூட்டையும் சாவியையும் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பாரும் உளர். அவர்கட்கு நாம் தரும் விடை இது: துன்பப்படும் உயிர் எங்குண்டோ அங்கெல்லாம் சமயத்துக்கு வேலை உண்டு. கம்பிக்கு உள்ளே இருப்பவன் துன்பப்படுகிறான் என்பதை யாவரும் அறிவர். கம்பிக்கு வெளியே சாவிக்கொத்தோடு நிற்பவனும் துன்பப்படுகிறான் என்பதைச் சிலரே அறிவர். அந்தத் துன்பம் கவனிப்பாரற்றுப் போனால் அவனோடு நின்றுவிடாது. உள்ளே இருப்பவன் மேல் விழும். ஒரு நாள் நம் வீட்டுப் பிள்ளை மேலும் விழும். ஆகவே இது நமக்குரிய பொருளே.

தோட்டமும் சிறையும்

பதுளை நகரிலே ஒரு சிறைச்சாலை உண்டு. மகியங்கனை வீதியில் உள்ள தல்தெனையிலே இளம் குற்றவாளிகளைத் திருத்தும் நிலையமும் உண்டு. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலிஎல என்று தோட்டங்கள் பரந்து கிடக்கும் இம்மாவட்டத்தில், சிறை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் குரல் தாழ்ந்துபோகும். அந்த அச்சம் இன்று நேற்று வந்ததன்று. 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டகன்ற தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்ப இடந்தந்தது. 1920களின் தொடக்கத்திலேதான் அத்தண்டனைகள் நீக்கப்பட்டன. களவு செய்யாமல், கொலை செய்யாமல், வேலையை விட்டுப் போனதற்காகவே சிறை கண்ட பரம்பரையில் வந்தவர்கள் நாம். சிறைக் கதவையும் அதைத் திறந்து மூடுபவனையும் நம் பாட்டன்மார் ஒரே கண்ணாற் பார்த்ததில் வியப்பில்லை.

இன்றைய நிலை என்ன? இலங்கையிலே தண்டனை பெற்றுச் சிறை புகுவோரிற் பெருந்தொகையினர், நீதிமன்றம் விதித்த தண்டப்பணத்தைக் கட்ட வழியில்லாதவர்கள். லயத்திலே கசிப்பு வைத்திருந்ததற்கோ, வேறு சிறு குற்றத்துக்கோ தண்டம் விதிக்கப்பட்டு, கையிற் பணமின்றி உள்ளே போனவர்கள் அவர்களுள் உளர். அவர்களுக்காக இரங்க நம்மிற் சிலராவது உளர். காவலருக்காக இரங்குவார் யார்? அவர் பிள்ளை பாடசாலையிலே, "அப்பா என்ன வேலை?" என்று கேட்டால் "அரசாங்க உத்தியோகம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் வீடுகள் உண்டு. பொலிஸ்காரருக்கும் படைவீரருக்கும் சமூகம் தரும் மதிப்பிற் பாதிகூட அவருக்குக் கிடைப்பதில்லை.

அந்த உத்தியோகத்தின் தன்மை

தோட்டத்திலே காலையிற் பெரட்டுக்களத்திற் பெயர் கூப்பிடுவார்கள். சிறையிலும் தலையெண்ணிக்கை உண்டு. கதவு திறக்கும்போதும் எண்ண வேண்டும், மூடும்போதும் எண்ண வேண்டும். பெரட்டில் ஒருவர் குறைந்தால் ஒரு நாட் சம்பளம் குறையும். சிறையில் ஒருவர் குறைந்தால் காவலரின் உத்தியோகமே குறையும். அந்த எண்ணிக்கை அவர் மனத்தில் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

நம் நாட்டுச் சிறைகள் எல்லாவற்றிலும் சேர்த்து ஏறத்தாழ 11,000 முதல் 13,000 பேர் வரையே இருக்க இடமுண்டு எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆனால் அண்மைய ஆண்டுகளில் 25,000க்கும் மேற்பட்டோர் அவற்றுள் அடைக்கப்பட்டிருந்தனர். 2023 டிசம்பரிற் போதைப்பொருளுக்கு எதிராகத் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையின்போது நெரிசல் மேலும் கூடிற்று. கைதிகள் இரு மடங்கானால் காவலரும் இரு மடங்காவதில்லை. இருப்பவரே இரட்டை வேலை செய்கின்றனர். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 2018ஆம் ஆண்டில் 20 சிறைகளுக்குச் சென்று ஆராய்ந்து, 2020இல் வெளியிட்ட அறிக்கை கைதிகளின் நிலையை மட்டும் கூறி நிற்கவில்லை, உத்தியோகத்தரிடமும் கேட்டறிந்தது. ஆட்பற்றாக்குறை, நீண்ட வேலைநேரம், சீரற்ற தங்குமிடம், குடும்பத்தைப் பிரிந்திருத்தல் என்று அவர்கள் அடுக்கிய குறைகள் அதிற் பதிவாகியுள்ளன.

கண்ணன் பிறந்த இரவிலே மதுரா நகரச் சிறைக்காவலர் யாவரும் உறங்கிப் போயினர் என்று புராணம் சொல்கிறது. அது மாயையின் செயல். இன்று ஒரு காவலர் நள்ளிரவிற் கண்ணயர்ந்தால் மாயையைக் குறை சொல்ல வேண்டியதில்லை; அவருடைய வேலை அட்டவணையைப் பார்த்தாற் போதும்.

இவற்றோடு ஆபத்தும் உண்டு. 2025 பெப்ரவரியிலே, பூசா சிறையில் அத்தியட்சகராகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் அக்மீமனவிலுள்ள தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பிற உத்தியோகத்தர் ஓய்வு பெற்றால் வேலை முடிந்தது என்று பெருமூச்சு விடுவர். சிறை உத்தியோகத்தருக்கு அந்தப் பெருமூச்சும் உறுதியில்லை.

அதிகாரம் வேறு, தன்னம்பிக்கை வேறு

இனி, தன்னம்பிக்கை என்பது யாது என ஆராய்வோம். உரத்த குரலும் முறுக்கிய மீசையும் கையிற் பிரம்புமே தன்னம்பிக்கை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். தோட்டத்திலே பழகியவர்கள் இதை எளிதில் அறிவர். மலையையும் கொழுந்தையும் ஆட்களையும் நன்கறிந்த கங்காணி மெல்லப் பேசுவார், வேலை நடக்கும். ஒன்றுமறியாது பதவிக்கு வந்தவரே நாள் முழுதும் கத்துவார். நிறைகுடம் தளும்பாது என்று நம் மூத்தோர் சொன்னது இதைத்தான்.

சிறையிலும் இதுவே உண்மை. கிரெஷாம் சைக்ஸ் என்னும் அமெரிக்க சமூகவியலார், நியூ ஜேர்சி மாநிலத்துப் பெருஞ்சிறை ஒன்றை ஆராய்ந்து 1958ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். காவலரிடம் துப்பாக்கியும் சாவியும் இருந்தபோதிலும் முழு அதிகாரம் இல்லை என்பதே அவர் கண்ட உண்மை. காவலர் ஒருவர் நாள் முழுதும் கைதிகளோடேயே வாழ்கிறார். சிலரோடு நட்பு ஏற்படும். சிலரது தயவு இன்றி அன்றைய வேலை நடவாது. சில வேலைகளைச் சோம்பலாற் கைதிகளிடமே விட்டுவிடுவார். இம்மூன்று வழியாகவும் அதிகாரம் கைநழுவிப் போகும் என்றார் சைக்ஸ்.

நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று காண்போம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்களான என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் கண்டி போகம்பரைச் சிறையிலே தடுத்து வைக்கப்பட்டிருந்தனர். 1942 ஏப்ரல் 7ஆம் நாள் அந்நால்வரும் சிறையை விட்டு வெளியேறினர். சுவரைக் குடைந்தோ பூட்டை உடைத்தோ அல்ல. சாலமன் என்னும் காவலரின் துணையோடு. அக்காவலர் அவர்களோடு தாமும் போய்விட்டார். அரசாங்கத்தின் கண்ணுக்கு அவர் கடமை தவறியவர். விடுதலை இயக்கத்தின் கண்ணுக்கு அவர் தியாகி. அவரை நிறுத்துப் பார்ப்பது இன்றைய நம் வேலையன்று. பூட்டும் சுவரும் வெறும் பொருள்; சிறையை உண்மையிற் காப்பது காவலரின் மனம் என்பதை மட்டும் ஈண்டு நாம் கொள்வோமாக. அந்த மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ சிறையும் அந்தப் பக்கமே சாயும். அவ்வாறிருக்க, அரசாங்கங்கள் சுவரின் உயரத்தைக் கூட்டுகின்றனவேயன்றி அந்த மனத்தின் உரத்தைக் கூட்ட நினைப்பதில்லை.

மனச்சுமை எங்ஙனம் வளர்கிறது?

கிறிஸ்டினா மஸ்லாக் என்னும் உளவியல் அறிஞர், மனிதரோடு மனிதராய்ப் பழகிப் பணிபுரிவோர்க்கு வரும் சோர்வை ஆராய்ந்து மூன்று குறிகள் கூறினார். முதலாவது, உள்ளம் வற்றிப் போதல். காலையிலே கண் விழிக்கும்போதே களைப்பாயிருக்கும். இரண்டாவது, எதிரே நிற்பவனை மனிதனாகக் காணாமல் ஓர் இலக்கமாகக் காணுதல். மூன்றாவது, "நாம் செய்யும் வேலையால் யாருக்கு என்ன பயன்?" என்ற வெறுமை. இம்மூன்றும் ஒருவரிடத்தே கூடுமாயின், அவர் ஒன்றில் கொடியவராவார். அன்றேல் எதையும் கண்டுங்காணாதவராவார். இரண்டாவது குறியே மிக ஆபத்தானது என்பது நம் கருத்து. கைதியை இலக்கமாகக் காணும் கண், நாளடைவில் மனைவி மக்களையும் அவ்வாறே காணத் தொடங்கும்.

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திற் பிலிப் சிம்பார்டோ என்பவர் மாணவரைக் காவலராகவும் கைதிகளாகவும் நடிக்கச் செய்து ஒரு சோதனை நடத்தினார். இரு கிழமை நடக்க வேண்டியது, காவலராயிருந்தோர் காட்டிய கொடுமையால் ஆறாம் நாளிலேயே நிறுத்தப்பட்டது. சீருடை அணிந்தால் எவனும் கொடியவனாவான் என்று அதைக் கொண்டு பலர் முடிவு கட்டினர். பிற்காலத்து ஆராய்ச்சியாளரோ, கடுமையாக நடக்கும்படி அக்காவலருக்கு முன்னரே தூண்டுதல் கொடுக்கப்பட்டிருந்தது என்பதை எடுத்துக் காட்டினர். ஆகவே கொடுமை சீருடையிலிருந்து மட்டும் வருவதன்று. மேலிருப்போர் எதை எதிர்பார்க்கின்றனர் என்பதிலிருந்தும் வருகிறது.

2001ஆம் ஆண்டில் ஹாஸ்லம், ரைக்கர் என்னும் இருவர் பிரித்தானியாவில் இத்தகைய இன்னொரு சோதனையை நடத்தினர். அதில் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. அங்கே காவலராக இருந்தோர் தம் அதிகாரத்தைக் கையாளக் கூசினர். தமக்குள் ஒற்றுமையின்றி நின்றனர். நாளாக ஆகக் கைதிகள் ஒன்றுபட்டு உறுதி பெற்றனர். காவலரோ மனஞ்சோர்ந்து தளர்ந்தனர். முடிவில் அவர்களது ஆட்சியே குலைந்தது. தனித்து நிற்பவனைச் சுமை அழுத்தும். கூடி நிற்பவர்க்குச் சுமை பங்காகும். இது நம் கூட்டு வழிபாட்டின் தத்துவமும் அன்றோ?

பழங்கதைகள் இரண்டு

சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பொற்கொல்லன் அரசன் ஆணையோடு காவலரை அழைத்துக்கொண்டு கோவலன் இருந்த இடத்துக்கு வருகிறான். கோவலனைக் கண்ட காவலருட் சிலர், இவன் முகத்தையும் தோற்றத்தையும் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லை என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் அவர்களை எள்ளி நகைத்துக் கள்வரின் தந்திரங்களை விரித்துரைக்கிறான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே, கல்வியறிவில்லாத, கள்ளுண்டு களித்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அவ்வளவுதான், ஒரு குடும்பம் அழிந்தது, ஓர் அரசன் மாண்டான், ஒரு நகரம் எரிந்தது.

அக்காவலருள் உண்மையைக் கண்டவர் இருந்தனர். அவர்களுக்குக் கண் இருந்தது, ஐயமும் எழுந்தது. ஆனால், "நில்! மீண்டும் அரசனிடம் கேட்டு வருவோம்" என்று ஓங்கிச் சொல்லும் மனவுறுதி மட்டும் இல்லை. கள்ளுண்டவனுக்கு இருந்த துணிவு அறிவுடையவனுக்கு இல்லாமற் போயிற்று. சிறைக் காவலருக்கு வேண்டிய தன்னம்பிக்கை எது என்று எம்மைக் கேட்டால், அந்த ஒரு சொல்லைச் சொல்லும் ஆற்றலே என்போம். அடிக்கக் கை ஓங்கியவன் முன்னால் "நில்" என்று சொல்லும் ஆற்றல். அந்தக் கை தன்னுடையதாயினும் சொல்லும் ஆற்றல்.

மற்றொரு கதை, மிஷன் பாடசாலையில் வேதாகம பாடத்திலே நாம் கேட்டது. நல்லது எங்கிருந்து வந்தாலும் நல்லதே என்ற எண்ணத்தோடு அதை இங்கே கூறுகின்றோம். பிலிப்பி என்னும் பட்டணத்தில் பவுலும் சீலாவும் தொழுமரத்திற் கால் மாட்டப்பட்டுச் சிறையிலிருந்தனர். நள்ளிரவிற் பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. விழித்தெழுந்த சிறைக்காவலன், கைதிகள் யாவரும் ஓடிவிட்டனர் என்றெண்ணி, வாளை உருவித் தன்னையே மாய்த்துக்கொள்ள முனைந்தான். கைதிகள் தப்பினாற் காவலன் உயிர் போகும் காலம் அது. அப்போது இருளுக்குள்ளிருந்து பவுல், தாம் யாவரும் இங்கேயே இருப்பதாகவும் அவன் தனக்குத் தீங்கு செய்துகொள்ள வேண்டாமென்றும் உரக்கக் கூவினார். அக்காவலன் விளக்கைக் கொண்டுவரச் செய்து உள்ளே ஓடினான். பின்பு அவர்களது காயங்களைக் கழுவித் தன் வீட்டிலே உணவு கொடுத்தான்.

கைதி காவலனின் உயிரைக் காத்தான். காவலன் கைதியின் புண்ணைக் கழுவினான். சிறை என்பது இருவரையும் சேர்த்துக் கட்டிய ஒரே கயிறு. ஒருவன் கழுத்து இறுகினால் மற்றவன் கழுத்தும் இறுகும்.

நம் மாகாணம் கண்ட சோதனை

காப்பியத்தையும் வேதாகமத்தையும் விட்டு நம் மண்ணுக்கு வருவோம். 1983 ஜூலை 25ஆம், 27ஆம் நாட்களிற் கொழும்பு வெலிக்கடைச் சிறையிலே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அது தலைநகரில் நடந்தது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் நாள் நடந்ததோ நம் ஊவா மாகாணத்தில், பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவையில். அங்கிருந்தது சிறைச்சாலையன்று, புனர்வாழ்வு நிலையம். 40 பேரளவில் தமிழ் இளைஞர் அங்கு அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்தனர். அன்று காலை திரண்டு வந்த கூட்டம் உட்புகுந்து தாக்கியதில் 25க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 60 பொலிஸார் அவ்விடத்தில் இருந்தும் கூட்டம் தடுக்கப்படவில்லை. ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு அமைந்தது; 2003இல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது; மேன்முறையீடுகளின் பின், 2005க்குள் அவர்கள் யாவரும் விடுவிக்கப்பட்டனர்.

இதை மனச்சுமை என்ற பெயரால் மன்னிக்க நாம் முனையவில்லை. கொலை கொலையே, கண் முன்னே கொலை நடக்கக் கை கட்டி நிற்பதும் பெருங்குற்றமே. ஆயினும் ஒரு வினா நம் நெஞ்சை விட்டகல மறுக்கிறது. அறுபது பேரில் ஒருவராவது இது தவறென்று உள்ளத்தில் உணராதிருந்திருப்பாரா? உணர்ந்த ஒருவருக்கு "நில்" என்று சொல்லும் உறுதி ஏன் பிறக்கவில்லை? அந்த உறுதி ஆபத்து நேரத்திலே வானத்திலிருந்து விழுவதன்று. அதற்கு முந்திய ஆயிரம் நாட்களிலே, பயிற்சியாலும் ஓய்வாலும் நல்ல தலைமையாலும் சிறுகச் சிறுகச் சேர்க்கப்பட வேண்டியது. சேர்த்து வைக்காத பணத்தைத் தேவையான நாளில் எடுக்க முடியாததுபோல, சேர்த்து வைக்காத தைரியத்தையும் எடுக்க முடியாது.

2012 நவம்பரில் வெலிக்கடையில் 27 பேரும், கொரோனா அச்சத்தின் நடுவே 2020 நவம்பரில் மஹரைச் சிறையில் 11 பேரும் மாண்டபோது நாடு அதிர்ந்தது. சில கிழமைகளில் மறந்தது. மறந்த பின்பும் அச்சுவர்களுக்குள்ளே காலையும் மாலையும் தலை எண்ணுவோர் எண்ணிக்கொண்டே இருக்கின்றனர்.

தன்னம்பிக்கையை வளர்க்கும் வழி

தன்னம்பிக்கை பிறவிக் குணமன்று, வளர்க்கத்தக்கது என்பதை அல்பேர்ட் பண்டுரா என்னும் உளவியலார் 1977ஆம் ஆண்டு முதல் எழுதிவந்தார். அதற்கு நான்கு ஊற்றுக்கள் உண்டென்பது அவர் கொள்கை. அவற்றைச் சிறை உத்தியோகத்தரோடு பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, தானே செய்து வெற்றி கண்ட அனுபவம். இதற்குப் பயிற்சி வேண்டும். நோர்வே நாட்டிலே சிறை உத்தியோகத்தராக விரும்புவோர் சம்பளத்தோடு 2 ஆண்டுகள் பயில வேண்டும். சட்டமும் உளவியலும் மனித உறவும் அங்கே பாடங்கள். தமிழ்நாட்டிலே வேலூரில், தென் மாநிலங்களின் சிறை உத்தியோகத்தரைப் பயிற்றுவதற்கென ஒரு கழகம் 1979ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. சண்டையை விலக்குவது எப்படி, தற்கொலை எண்ணமுடைய கைதியை இனங்காண்பது எப்படி என்று அமைதியான நாளிற் பழகியவரே அமைதி குலைந்த நாளில் நிலைகுலையாது நிற்பார்.

இரண்டாவது, தம்மைப் போன்ற ஒருவர் செய்து காட்டுவதைக் காணல். நேர்மையான மூத்த உத்தியோகத்தர் ஒருவரின் கீழ்ப் பழகும் இளங்காவலர் நூறு நூல்களின் பயனைப் பெறுவார். கையூட்டு வாங்கும் ஒருவரின் கீழ்ப் பழகினால் அதையும் கற்பார்.

மூன்றாவது, மதிப்புக்குரியோர் சொல்லும் ஊக்கச் சொல். மேலதிகாரியின் வாயிலிருந்து திட்டு மட்டுமே வருமாயின், அத்திட்டு படிப்படியாக இறங்கிக் கடைசியிற் கைதியின் முதுகிலே போய் நிற்கும்.

நான்காவது, தேகத்தின் நிலை. உறக்கமின்றிக் கண் எரிபவனுக்கும், வீட்டிற் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டும் லீவு கிடையாதவனுக்கும் தன்னம்பிக்கை பற்றிப் போதிப்பது வீண். முதலில் உறங்க விட வேண்டும்.

உள்ளத்துப் பயிற்சிக்கும் இங்கே இடமுண்டு. இந்தியாவில் 1975ஆம் ஆண்டு ஜெய்ப்பூர் மத்திய சிறையில் விபாசனைத் தியானம் கற்பிக்கப்பட்டது. 1993 முதல் 1995 வரை தில்லித் திகார்ச் சிறைகளின் தலைமைப் பொறுப்பிலிருந்த கிரண் பேடி அம்மையார் அதை அங்கே பரப்பினார்; 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒருங்கே அமர்ந்து பயின்றனர். கைதிகளோடு உத்தியோகத்தரும் அப்பயிற்சியிற் சேர்ந்தனர் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. ஆனால் ஒன்றை மறவாதிருப்போம். தியானம் ஆட்பற்றாக்குறையைத் தீர்க்காது. இருபத்து நான்கு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, மூச்சைக் கவனி என்று சொல்வது நியாயமன்று. நீதியும் வேண்டும், நிட்டையும் வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சபை 2015 டிசம்பரில், 27 ஆண்டுகள் சிறையிருந்த பெருமகன் நெல்சன் மண்டேலாவின் பெயரால் சிறைகளுக்குரிய 122 விதிகளை ஏற்றுக்கொண்டது. கைதிகளைப் பற்றிய விதிகள் என்று நினைத்து அவற்றைப் படிப்போர் வியப்படைவர். உத்தியோகத்தரின் சம்பளம், பணிப் பாதுகாப்பு, பயிற்சி ஆகியவையும் அவற்றுள் இடம்பெறுகின்றன. 80ஆம் விதி நமக்கு மிக நெருங்கியது. கைதிகளிற் பெரும்பாலோர் பேசும் மொழியையோ, அவர்களிற் பெரும்பாலோர்க்கு விளங்கும் மொழியையோ உத்தியோகத்தரிற் பெரும்பாலோர் பேசக்கூடியவராதல் வேண்டும் என்கிறது அது.

இதன் அருமை பதுளையில் வாழும் நமக்குத் தெரியும். வயிற்றுவலி என்று தமிழிற் சொல்லும் தோட்டத்துக் கைதியும், அது விளங்காத சிங்கள உத்தியோகத்தரும் எதிரெதிரே நிற்கும்போது இருவர் மனத்திலும் அச்சம் எழுகிறது. கைதி எதிர்த்துப் பேசுகிறான் என்று இவர் நினைப்பார். இவர் திட்டுகிறார் என்று அவன் நினைப்பான். பாதிச் சச்சரவு குற்றத்தால் வருவதன்று, மொழியால் வருவது. தாம் சொல்வது விளங்குகிறது என்ற நம்பிக்கையே ஓர் உத்தியோகத்தருக்கு வேண்டிய முதல் நம்பிக்கை.

நாம் செய்யத்தக்கவை

வாலிப அன்பர்களே! பேச்சோடு நின்றாற் பயனில்லை. நம் சங்கத்தின் சக்திக்கு உட்பட்டவை சிலவற்றைக் கூறி முடிப்போம்.

தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் உரிய அனுமதி பெற்றுச் சிறைக்குச் சென்று, கைதிகளோடு கூட்டு வழிபாடு நடத்தலாம். அப்போது கொண்டுசெல்லும் பொங்கலில் ஒரு பங்கு, வாயிலிற் காவல் நிற்பவர்க்கும் உரியதாகட்டும். அவர் சிங்களவராயினும் முஸ்லிமாயினும் கிறிஸ்தவராயினும் அவர் கையிலும் ஒரு கோப்பைத் தேநீர் கொடுப்போம். அவரை மனிதராக மதிக்கும் ஊர், உள்ளே இருப்போரையும் அவர் மனிதராக மதிக்க உதவும்.

தண்டப்பணம் கட்ட வழியின்றிச் சிறையிலிருக்கும் ஏழைகளுக்காக ஒரு சிறு நிதி திரட்டலாம். ஒரு தொழிலாளியின் தண்டத்தைச் செலுத்தி வீட்டுக்கு அனுப்பினால் ஒரு குடும்பம் மகிழும். காவலர் எண்ண வேண்டிய தலைகளில் ஒன்றும் குறையும். ஒரே செயலால் இரு தரப்பின் சுமையும் இறங்கும்.

சங்கத்து மண்டபத்தில் மாலை வேளைகளிற் பேச்சுத் தமிழ் வகுப்பு ஒன்று நடத்தி, விரும்பும் உத்தியோகத்தரை அழைக்கலாம். அவர்களிடமிருந்து நாம் சிங்களம் கற்கலாம். கொடுக்கல் வாங்கலாக நடக்கும் கல்வியில் உயர்வு தாழ்வு இராது.

கடைசியாக, நம் தோட்டப் பகுதிகளிற் கற்ற இளைஞரும் யுவதிகளும் ஆசிரியத் தொழிலையே நாடுகின்றனர். அது நல்லதே. ஆயினும் சிறைச்சாலைத் திணைக்களத்தின் உத்தியோகங்களுக்கும் விண்ணப்பிக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். இரு மொழியும் அறிந்த, தோட்டத்து வாழ்வை உணர்ந்த ஒருவர் அங்கே இருப்பது ஆயிரம் மனுக்களுக்குச் சமம். ஒரு காலத்திற் சிறைக்குப் பயந்து வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், சிறையை நெறிப்படுத்தும் உத்தியோகத்தராக அந்த வாயிலிற் புகும் நாள் வரவேண்டும்.

அன்பர்களே! இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரத்தையே வள்ளுவப் பெருந்தகை வகுத்து வைத்தார். துன்பமே வாராதிருக்க வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. வந்த துன்பத்தில் உள்ளம் அழியாதிருக்க வேண்டும் என்றார். திருநாவுக்கரசர் நீற்றறையில் அடைபட்ட காலத்தும் உள்ளம் குளிர்ந்திருந்தமைக்கு, அவர் தம்மினும் பெரிய ஒன்றைப் பற்றி நின்றதே காரணம். அந்தப் பற்றுக்கோடு கைதிக்கும் வேண்டும், காவலனுக்கும் வேண்டும். கைதியைக் காவலன் காக்கிறான். காவலனின் உள்ளத்தைக் காப்பது யார்? அரசாங்கம் நல்ல சம்பளத்தாலும் ஓய்வாலும் பயிற்சியாலும் காக்கட்டும். மேலதிகாரிகள் நீதியால் காக்கட்டும். ஊரவராகிய நாம் மதிப்பாலும் நட்பாலும் காப்போம். அப்பொழுது, யாரேனும் ஒருவன் மேல் அநியாயமாக ஒரு கை ஓங்கும் வேளையில், "நில்" என்னும் சொல் அச்சுவர்களுக்குள்ளிருந்தே எழும்.

 எல்லோரும் இன்புற்றிருக்க இறைவன் அருள் புரிவானாக!